தூக்க மாத்திரையை நிறுத்திவிட்டு அமுக்கரா கொடுக்கலாமா?

"அமுக்கரா சூரணம் அம்மாவுக்கு நல்லதா?" என்று ஒரு வரியில் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதற்கு முன்னால் நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் உள்ளே மூன்று கேள்விகள் இருக்கின்றன. அம்மாவுக்கு வயது 61. அப்பா தவறியதில் இருந்து, ஒன்றரை வருடமாக, இரவில் அல்பிரசோலம் 0.5 மில்லிகிராம் போட்டால்தான் தூக்கம். காலையில் தைராய்டுக்குத் தைராக்சின் 75 மைக்ரோகிராம், பிரஷருக்கு டெல்மிசார்டன் 40. "அந்த மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டு அமுக்கராவைப் பாலில் கலந்து கொடு, மூலிகைதானே, ஒன்றும் செய்யாது" என்று சித்தி சொல்கிறார். ஆக, அமுக்கரா உண்மையிலேயே தூக்கம் தருமா, அம்மா சாப்பிடும் மாத்திரைகளோடு அது ஒத்துப்போகுமா, தூக்க மாத்திரையின் இடத்தில் அதை வைக்க முடியுமா என்பவைதான் உங்களுக்குத் தெரிய வேண்டியவை. நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன். பல வருடங்களாக அமுக்கராவை எழுதிக் கொடுத்து வருகிறேன். கடைசிக் கேள்விதான் அவசரமானது என்பதால் அதில் இருந்து தொடங்குகிறேன்.

தயவுசெய்து அல்பிரசோலத்தை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. மூளையைச் சாந்தப்படுத்தும் 'காபா' என்ற வேதிப்பொருளின் வேலையை அந்த மாத்திரை கூட்டிக் கொடுக்கிறது. மாதக்கணக்கில் அப்படிக் கிடைக்கும்போது மூளை அதற்குத் தகுந்தபடி தன்னை மாற்றிக்கொள்கிறது. திடீரென்று மாத்திரை வராவிட்டால் படபடப்பு, வியர்வை, நடுக்கம், முன்பைவிட மோசமான தூக்கமின்மை எல்லாம் வரும். சிலருக்கு வலிப்பே வந்துவிடும். ஒன்றரை வருடம் தினமும் எடுத்த ஒருவருக்கு இது ஏட்டளவிலான பயம் இல்லை. அமுக்கரா வேரும் காபா வழியாக ஓரளவு வேலை செய்யலாம் என்று விலங்குகளில் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. அதை நம்பி, மாத்திரையை நிறுத்துவதால் வரும் வலிப்பை அமுக்கரா தடுத்துவிடும் என்று எந்தச் சித்த மருத்துவரும் சொல்லக் கூடாது. சொன்னால் அவரிடம் போகாதீர்கள்.

மாத்திரையைக் குறைக்கவே முடியாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. குறைக்க வேண்டும், அதுவும் அறுபது தாண்டியவர்களுக்குக் கட்டாயம். அல்பிரசோலம் போட்டுக்கொண்டு நடு இரவில் பாத்ரூம் போக எழுந்து விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொள்ளும் பெரியவர்கள் நிறைய. ஆனால் எழுதிக் கொடுத்த மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக அளவை இறக்கி, சில மாதங்களில் நிறுத்துவது வழக்கம். ஒவ்வொரு முறை குறைக்கும்போதும் ஒரு சில இரவுகள் தூக்கம் கெடும். அது பெரும்பாலும் குறைத்ததன் எதிரொலி. பழைய நோய் திரும்பிவிட்டது என்று பயந்து மறுபடி முழு மாத்திரைக்குப் போய்விடுபவர்கள்தான் அதிகம். இதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம் அமுக்கராவுக்கு வருவோம். அமுக்கரா என்ற ஒரே பெயரில் கடையில் மூன்று வெவ்வேறு பொருட்கள் கிடைக்கின்றன. இது தெரியாததால்தான் இத்தனை குழப்பம். முதலாவது, சித்த நூல்படி செய்த அமுக்கரா சூரணம். கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கராக் கிழங்கு 64, சர்க்கரை 128 என்று ஒவ்வொன்றும் முந்தையதைப் போல இரண்டு மடங்கு. கூட்டினால் 255 பங்கு. அதாவது சூரணத்தில் பாதி சர்க்கரை, கால் பங்குதான் அமுக்கரா. ஒரு வேளைக்கு 2 கிராம் சூரணம் எடுத்தால் உள்ளே போவது அரை கிராம் கிழங்கு. இரண்டாவது, நாட்டு மருந்துக் கடையில் 'அமுக்கரா பொடி' என்று கிடைக்கும் தனிக் கிழங்குப் பொடி. அதில் ஒரு டீஸ்பூன் என்றாலே ஏறக்குறைய இரண்டரை, மூன்று கிராம். சூரணத்துக்குச் சொன்ன அளவில் இந்தப் பொடியைக் கொடுத்தால் நான்கு மடங்கு மருந்து போகும். மூன்றாவது, அமுக்கராவின் வடமொழிப் பெயரான 'அஸ்வகந்தா' என்று ஆன்லைனில் விற்கும் கேப்சூல். அது கிழங்கில் இருந்து பிரித்தெடுத்துச் செறிவாக்கிய சாறு. விதானோலைடு என்ற வேதிப்பொருட்கள் 5 சதவீதம், 10 சதவீதம், சிலவற்றில் அதற்கும் மேல் என்று லேபிளில் போட்டிருப்பார்கள். வெறும் கிழங்கில் அவை இதைவிடப் பல மடங்கு குறைவு. உங்கள் சித்தி இந்த மூன்றில் எதைச் சொன்னார் என்று முதலில் கேளுங்கள்.

சூரணம் செய்யும் முறையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. கிழங்கை அப்படியே இடித்துச் சேர்ப்பதில்லை. பானையில் பாலும் தண்ணீரும் விட்டு, வாயைத் துணியால் கட்டி, அதன் மேல் பொடியை வைத்து மூடி, ஆவியில் அவித்துக் காய வைத்து மறுபடி இடித்துச் சலிக்க வேண்டும். பிட்டவியல் என்று இதற்குப் பெயர். புட்டு அவிப்பது போலத்தான். வேரின் கடுமையைத் தணிக்க இது தேவை என்று எங்கள் நூல்கள் சொல்கின்றன. கடைப்பொடி இப்படிச் செய்ததா என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. அதனால் மருந்து உரிமம் எண், தயாரித்த தேதி எல்லாம் போட்டு சித்த மருந்தாக விற்கும் சூரணத்தை வாங்குவது நல்லது. அரசு சித்த மருத்துவமனைகளிலும், சித்தப் பிரிவு உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசமாகக் கிடைக்கும் மருந்துகளில் இதுவும் ஒன்று. சூரணத்தின் வீரியம் மூன்று மாதம் என்பது எங்கள் மரபுக் கணக்கு. அலமாரியின் மூலையில் போன தீபாவளிக்கு வாங்கிய டப்பா இருந்தால் அதைத் தொட வேண்டாம். மழைக்காலத்தில் இந்தப் பொடியில் பூஞ்சையும் வண்டும் சீக்கிரம் வரும்.

இன்னொன்று, மருந்தாகப் பயன்படுவது கிழங்கு, அதாவது வேர், மட்டுமே. இலையில் விதாஃபெரின் ஏ என்ற கடுமையான பொருள் அதிகம். மலிவாகக் கிடைக்கிறது என்று சிலர் இலையையும் சேர்த்துச் சாறெடுத்ததால், 2021-இல் மத்திய ஆயுஷ் அமைச்சகம் இலையைப் பயன்படுத்த வேண்டாம் என்று தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. கேப்சூல் வாங்குபவர்கள் லேபிளில் 'வேர் மட்டும்' என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தூக்கம் தருமா? ஓரளவு தரும் என்பதற்கு நியாயமான ஆதாரம் இருக்கிறது, ஆனால் மிதமானது. 2012-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில், மன அழுத்தம் உள்ள 64 பேரில் ஒரு பாதிக்கு வேர்ச்சாறு 300 மில்லிகிராம் தினம் இருவேளை, மறுபாதிக்கு வெற்று மாத்திரை என்று 60 நாள் கொடுத்தார்கள். மருந்து எடுத்தவர்களுக்கு மன அழுத்த அளவுகோலில் மதிப்பெண்ணும், ரத்தத்தில் மன அழுத்த ஹார்மோனான கார்டிசாலும் தெளிவாகக் குறைந்தன. 2021-இல், தூக்கம் பற்றிய ஐந்து ஆய்வுகளில் இருந்த 400 பேரின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சிறியதாக இருந்தாலும் உண்மையான முன்னேற்றம் தெரிந்தது. ஏற்கெனவே தூக்கமின்மை உள்ளவர்கள், தினம் 600 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுத்தவர்கள், எட்டு வாரமாவது தொடர்ந்தவர்கள் ஆகியோரிடம் பலன் கூடுதல். இன்று ராத்திரி கொடுத்து இன்றே தூங்க வைக்கும் மருந்து இது இல்லை என்பது இதிலேயே தெரிகிறது.

சந்தேகம் எங்கே என்றால், இந்த ஆய்வுகள் சிறியவை, இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் போனவை குறைவு, பலவற்றில் தயாரிப்பு நிறுவனங்களின் பங்கு உண்டு. அதைவிட முக்கியமாக, அவை எல்லாம் செறிவாக்கிய சாற்றை வைத்துச் செய்தவை. நம் சூரணத்தை அந்த அளவில், அந்த முறையில் சோதித்தவை அல்ல. கேப்சூலுக்கு வந்த முடிவைச் சூரணத்தின் விளம்பரத்தில் போடுவது சரியில்லை. சூரணத்துக்கு இருப்பது நீண்ட மரபும், என்னைப் போன்றவர்கள் நோயாளிகளிடம் பார்ப்பதும்தான். நான் பார்த்த வரையில், உடல் இளைத்து, களைத்து, உடம்பு வலியோடு படுத்தும் தூக்கம் வராமல் புரளும் ஆட்களுக்கு அமுக்கரா நன்றாகக் கேட்கிறது. சித்த மருந்துப் பொருட்களின் குணங்களைச் சொல்லும் குணபாடத்தில் இதற்கு உறக்கமுண்டாக்கி என்ற செய்கையோடு உடல்தேற்றி, வீக்கமுருக்கி என்ற செய்கைகளும் சேர்த்தே சொல்லியிருக்கிறது. பயமும் பதற்றமுமாக நெஞ்சு அடித்துக்கொள்ளும் ஆட்களுக்கு, அல்லது துக்கத்தில் இருப்பவர்களுக்கு, இதை மட்டும் கொடுத்து நான் பெரிய மாற்றம் எதிர்பார்ப்பதில்லை.

இப்போது அம்மாவின் மற்ற மாத்திரைகள். இதில் என்னைக் கவலைப்பட வைப்பது தைராய்டு. அமுக்கரா தைராய்டு ஹார்மோனைக் கூட்டக் கூடியது. தைராய்டு லேசாகக் குறைந்திருந்த 50 பேரிடம் தினம் 600 மில்லிகிராம் சாறு எட்டு வாரம் கொடுத்த ஆய்வில் தைராய்டு ஹார்மோன்களான டி3, டி4 ஏறின, தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். இறங்கியது. 2018-இல் வந்த ஆய்வு. தைராய்டு குறைவுக்கு இது நல்லதுதானே என்று கேட்பார்கள். உங்கள் அம்மா ஏற்கெனவே அளந்து கொடுத்த தைராக்சின் சாப்பிடுகிறார். அதன் மேல் இன்னொன்று ஏறினால் அளவு மிஞ்சலாம். மிஞ்சினால் என்ன ஆகும்? படபடப்பு, கை நடுக்கம், எடை குறைவு, கூடவே தூக்கமின்மை. வயதானவர்களுக்கு இதயத் துடிப்பு ஒழுங்கு தவறலாம், எலும்பும் தேயும். அமுக்கரா எடுத்த பிறகு தைராய்டு மிகைப்பட்ட நோயாளிகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். ஏற்கெனவே தைராய்டு மிகையாக இருப்பவர்கள் இதைத் தொடவே கூடாது.

இதையே திருப்பியும் பாருங்கள். அம்மாவின் தூக்கம் கெட்டதற்கு 75 மைக்ரோகிராம் அவருக்கு இப்போது அதிகமாக இருப்பதே ஒரு காரணமாக இருக்கலாம். துக்கத்தில் சாப்பாடு குறைந்து உடல் இளைத்திருந்தால் தைராக்சின் தேவையும் குறைந்திருக்கும். கடைசியாக டி.எஸ்.எச். எப்போது பார்த்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால், மூலிகை வாங்கப் போவதற்கு முன் அந்த ஒரு ரத்தப் பரிசோதனையைச் செய்யுங்கள்.

டெல்மிசார்டனோடு பெரிய மோதல் எதுவும் நிறுவப்படவில்லை. ஆனால் அமுக்கரா சிலருக்கு ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கும். எழுந்து நின்றதும் தலை சுற்றினால் பிரஷர் பார்த்துச் சொல்ல வேண்டும். சர்க்கரை அளவையும் இது சற்றுக் குறைக்கலாம் என்பதால், நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் கவனிக்க வேண்டும். சூரணத்தில் பாதி சர்க்கரை என்றேனே, 2 கிராமில் அது ஒரு கிராம்தான், அதற்காக அலற வேண்டியதில்லை. மிளகும் திப்பிலியும் சேர்ந்து அதே 2 கிராமில் 0.2 கிராமுக்கும் குறைவு. அவற்றில் உள்ள பைப்பரின் சில மருந்துகளை உடல் கூடுதலாக உறிஞ்ச வைக்கும். இந்த அளவில் பெரும்பாலோருக்கு அது பொருட்டில்லை என்றாலும், வலிப்புக்கு ஃபெனிட்டோயின் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் தங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும். வயிற்றுப் புண், நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்குச் சுக்கும் திப்பிலியும் எரிச்சலைக் கூட்டும். தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கம் கூடும் என்பதும் நினைவிருக்கட்டும். காலையில் தள்ளாட்டம் இருந்தால் அது காரணமாக இருக்கலாம்.

கல்லீரலைப் பற்றி எங்கள் துறையில் பலர் பேசத் தயங்குகிறார்கள். பேசித்தான் ஆக வேண்டும். 2020-இல் ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலும் அஸ்வகந்தா சாறு எடுத்த ஐந்து பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது பதிவானது. தொடங்கி 2 முதல் 12 வாரத்துக்குள் வந்தது, நிறுத்தியதும் மாதங்களில் சரியானது. 2023-இல் இந்தியாவிலேயே பல மருத்துவமனைகள் சேர்ந்து, அஸ்வகந்தா மட்டும் உள்ள தயாரிப்பை எடுத்துக் கல்லீரல் பாதித்த எட்டுப் பேரைப் பற்றி எழுதின. அதில் ஏற்கெனவே முற்றிய கல்லீரல் நோய் இருந்த மூன்று பேர் இறந்துபோனார்கள். கோடிக்கணக்கானோர் சாப்பிடும் ஒரு மருந்தில் இது அரிது. ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல வழி இல்லை. கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு நான் அமுக்கரா கொடுப்பதில்லை, சூரணமாக இருந்தாலும் சரி. மற்றவர்களுக்கு, உடம்பெல்லாம் அரிப்பு, சிறுநீர் கறுத்துப் போவது, கண் மஞ்சள், காரணமில்லாத குமட்டல் இவற்றில் எது வந்தாலும் அன்றே நிறுத்திவிட்டு ரத்தம் பரிசோதிக்கச் சொல்லி அனுப்புவேன்.

டென்மார்க் 2023-இல் இதைத் தடை செய்தது பற்றியும் கேட்டிருந்தீர்கள். உண்மைதான். தைராய்டையும் பாலின ஹார்மோன்களையும் பாதிக்கலாம், கருவைக் கலைக்கலாம் என்ற அச்சத்தில் எடுத்த முடிவு அது. அந்த முடிவுக்கு அடிப்படையான மதிப்பீடு எல்லாத் தரவுகளையும் சரியாக எடுத்துக்கொள்ளவில்லை என்று இங்கே எதிர்ப்பு வந்தது. எனக்கும் முழுத் தடை அதிகம் என்றே படுகிறது. ஆனால் அவர்கள் எழுப்பிய கேள்விகள் வெறும் கற்பனை இல்லை. கர்ப்பிணிகளுக்கு நானும் கொடுப்பதில்லை. உறுப்பு மாற்று அறுவை செய்து எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கும், முடக்குவாதம், லூபஸ் மாதிரியான தன்னுடல் தாக்கு நோய் உள்ளவர்களுக்கும், ஹார்மோனைச் சார்ந்த புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்களுக்கும் கொடுப்பதில்லை. அறுவை சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வேன். "மூலிகைதானே, ஒன்றும் செய்யாது" என்று சொல்பவர்களிடம் எனக்குக் கோபமே வரும். ஒன்றும் செய்யாத பொருளை நாங்கள் ஏன் ஐந்தரை வருடம் படிக்கிறோம்?

சரி, உங்கள் அம்மா என் முன்னால் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வேன்? அவரை நேரில் பார்க்காமல், நாடி பிடிக்காமல், இங்கே அளவு எழுதிக் கொடுக்க மாட்டேன். வரிசையை மட்டும் சொல்கிறேன். முதலில் டி.எஸ்.எச்., கல்லீரல் பரிசோதனை, சர்க்கரை, ஹீமோகுளோபின். இரவில் பலமாகக் குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வருகிறதா, காலில் குறுகுறுப்பு வந்து அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றுகிறதா, சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் காபி உண்டா, பகலில் டிவி முன்னால் தூங்கிவிடுகிறாரா என்று கேட்பேன். அப்புறம் அப்பாவைப் பற்றிப் பேசச் சொல்வேன். ஒன்றரை வருடம் ஆகியும் விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்து, எதிலும் பிடிப்பில்லாமல், சாப்பாடும் இறங்காமல் இருந்தால் அது வெறும் தூக்கமின்மை இல்லை, மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு மனநல மருத்துவர் வேண்டும். அரசின் டெலி மானஸ் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். முதல் அழைப்பை நீங்கள் பண்ணிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுங்கள்.

தூக்கமின்மைக்கு நீண்ட காலப் பலன் தருவதாக நன்றாக நிறுவப்பட்டது மருந்தே இல்லாத ஒரு பயிற்சி முறை. தினமும் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வந்தால் மட்டும் படுக்கைக்குப் போவது, இருபது நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் உட்கார்வது, பகல் தூக்கத்தை விடுவது என்று அது போகும். முதல் இரண்டு வாரம் கஷ்டம். தெரிந்த ஒருவரின் வழிகாட்டுதலோடு செய்தால், மாத்திரையைக் குறைக்கும் மாதங்களில் அம்மாவைத் தாங்கிப் பிடிக்கப் போவது இதுதான்.

இவை எல்லாம் சரியாக இருந்து, கல்லீரல் நன்றாக இருந்து, தைராய்டு மருத்துவரும் தூக்க மாத்திரை எழுதியவரும் ஒப்புக்கொண்டால், சித்த மருத்துவர் ஒருவரின் பார்வையில் சூரணத்தைக் குறைந்த அளவில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பாலில் தொடங்கலாம். தைராக்சின் வெறும் வயிற்றில் காலையில் எடுப்பது என்பதால் பாலும் சூரணமும் இரவிலேயே இருக்கட்டும். கேப்சூல் வேண்டாம். தொடங்கி ஆறு வாரத்தில் டி.எஸ்.எச்., கல்லீரல் இரண்டையும் மறுபடி பார்க்க வேண்டும். எட்டு, பத்து வாரத்தில் பலன் தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம். பலன் தெரிந்தாலும் மூன்று மாதத்துக்கு மேல் இடைவெளி இல்லாமல் தொடர நான் சொல்வதில்லை, அதற்கு மேல் கொடுத்துப் பார்த்த நல்ல ஆய்வுகள் குறைவு. அல்பிரசோலம் குறைப்பதையும் அமுக்கரா தொடங்குவதையும் ஒரே வாரத்தில் செய்யாதீர்கள். ஏதாவது தொந்தரவு வந்தால் எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாமல் போய்விடும்.